கல்முனைக்கு ஒரு ஜீப்பை உயர்த்தப் போனேன்

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் கல்முனையில் பேருந்தை விட்டு இறங்கும்போது என் தோளில் இருந்தது ஒரு தையல் இயந்திரத்தின் தலை. அது எனக்கு அப்போது தெரியாது. பொள்ளாச்சியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த நான்கு ஷாக் அப்சார்பர்கள்தான் அந்தச் சாக்குக்குள் இருக்கின்றன என்று நினைத்திருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். பேருந்தின் பின்பெட்டியைத் திறந்து விட்டதும் அவசரத்தில் கைக்கு அகப்பட்ட சாக்கை இழுத்துத் தோளில் போட்டேன். அதே நிறம், அதே கனம். பேருந்து அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டது.

நிஸ்தார் ஓடிவந்து கட்டிக்கொண்டான். ஏழு வருடம் நாங்கள் தோஹாவில் ஒரே கராஜில் வேலை செய்தவர்கள். அவன் இஞ்சின், நான் வண்டியின் அடிப்பாகம். அவன் ஊர் திரும்பி டயர்க்கடை போட்டுவிட்டான். நான் பொள்ளாச்சியில் வால்பாறை ஏறும் ஜீப்புகளுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டை என்றால் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங். வில் போல வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது.

ஒரு மாதத்துக்கு முன் அவன் தொலைபேசியில் அழைத்தான். "கதிரண்ணன், மழைக்கு முந்தி ஒருக்கா வாங்க. எங்கட மச்சான்ட ஜீப்ப உசத்தணும். ஆறு இஞ்ச். இஞ்ச உள்ள ஆக்கள நம்பி இந்த வேலையக் குடுக்க எனக்கு மனமில்ல."

நான் சரி என்று சொன்னேன். அப்படிச் சொன்னதில் ஒரு பொய் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நற்பிட்டிமுனையில் அவன் வீட்டில் சாக்கைப் பிரித்தபோது உள்ளே பச்சை நிறத்தில் தையல் இயந்திரம். சாக்கின் வாய்ப்பக்கம் நீல மையில் ஒரு தொலைபேசி எண். நிஸ்தார் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டான். ஒரு பெண் குரல் மூச்சுவிடாமல் பேசியது.

"ஓ, ஒங்கட சாமானா கா இது? நாங்க தண்ணி பம்ப் எண்டெல்லா நெனச்சிக்கிட்டு இரிக்கம்! வாப்பா வந்து, இது பம்ப் இல்ல, என்னமோ வெடிக்கிற சாமான், தொடாதீங்க எண்டுட்டாரு. எல்லாரும் முத்தத்துல நிக்கிறம். கெதியா வாங்க!"

அட்டாளைச்சேனைக்கு அந்த ஜீப்பிலேயே போனோம். முப்பது வயதான ஜப்பான் ஜீப். இஞ்சின் பூனை போலச் சத்தமில்லாமல் ஓடியது, அது நிஸ்தாரின் கை. அடிப்பாகம்தான் பரிதாபம். பட்டைகள் வளைவிழந்து அளவுகோல் போல நேராகக் கிடந்தன. பின்பக்கம் இடது பட்டை கீழ்நோக்கியே தொங்கிவிட்டது. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பாதையில் ஒரு சிறு மேடு வந்தால்கூட என் முதுகெலும்பு மேலெழும்பி இறங்கியது. இடதுபக்கம் கடல், வலதுபக்கம் உழுது போட்ட வயல். ஊர் முடிவதும் அடுத்த ஊர் தொடங்குவதும் தெரியவில்லை. எங்கள் பக்கம் இரண்டு ஊர்களுக்கு நடுவே தென்னந்தோப்பு வந்து மூச்சுவிட நேரம் கொடுக்கும். இங்கே மதில், கடை, பள்ளிவாசல், மதில், கடை என்று ஓடிக்கொண்டே இருந்தது.

தையல்காரியின் பெயர் நஸ்ரியா. முற்றத்தில் என் ஷாக்குகள் நான்கையும் பாயில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் இயந்திரத்தை வாங்கிய வேகத்தில் மேசையில் பொருத்தி, ஒரு துண்டுத் துணியை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பத்து மணிக்கு மூணு சட்ட குடுக்க இரிந்திச்சி. பரவால்ல. இரிங்க, தின்னாமப் போக ஏலா."

இடியப்பம், கீரிமீன் ஆணம். ஆணம் என்றால் குழம்பு. கடைசியில் சட்டித் தயிரும் பாணியும். எருமைத் தயிரைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தயிரில் உப்பைப் போட்டுப் பழகிய நாக்குக்குப் பனங்கட்டிப் பாகின் இனிப்பு முதலில் பிடிபடவில்லை. இரண்டாவது கரண்டிக்குப் பிறகு நான் பேசவே இல்லை.

அந்த நேரத்தில்தான் நிஸ்தார் ஒரு ஷாக்கைக் கையில் எடுத்தான். முழுதாக இழுத்தான். சாண் போட்டு அளந்தான். அடுத்ததையும் அளந்தான்.

"அண்ணன், இது குட்டையா இரிக்கே. ஆறு இஞ்ச் உசத்தினா இது காணாதே?"

"காணாதுதான்" என்றேன். "மூன்று அங்குலத்துக்குத்தான் வாங்கினேன்."

அவன் ஷாக்கைப் பாயில் வைத்தான். திரும்பி வரும்போது கல்முனை வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. நிஸ்தாருக்குப் பழக்கமான கராஜ் கல்முனையில் இருந்தது. சொந்தக்காரர் லத்தீப் பாஸ். எனக்கும் அங்கே அந்தப் பட்டம் கிடைத்தது. "வாங்க பாஸ், இரிங்க பாஸ்" என்று எல்லோரும் சொல்லவும் முதலில் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. எங்கள் ஊரில் முதலாளியைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். அரை மணி நேரத்தில் எதிர்க்கடையில் சுவர் பூசிக்கொண்டிருந்தவரையும் ஒருவர் "பாஸ்" என்றார். கதவு இழைத்துக்கொண்டிருந்தவரும் பாஸ். கைவேலை தெரிந்தவர்கள் எல்லோரும் இங்கே பாஸ்தான். எங்கள் அர்த்தத்தைவிட அது நல்ல அர்த்தமாகப் பட்டது.

நிஸ்தார் அன்று வாயைத் திறந்தான்.

"ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லி இருக்கலாம். கடல் தாண்டி வந்து ஏமாத்தத் தேவல்ல."

"ஆறு அங்குலம் உயர்த்தினால் வண்டி தலைக்கனம் பிடித்துப்போகும். ஒரு வளைவில் அவசரமாகத் திருப்பினால் சாயும். பிரேக் ஹோஸ் இழுபடும். இஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு கோணலாகி உதறும்."

"அதெல்லாம் சரிக்கட்டத்தானே ஒங்களக் கூப்பிட்ட?"

"சரிக்கட்டலாம். சாய்வதைச் சரிக்கட்ட முடியாது."

"அண்ணன், மாரியில பாதைய மூடுற அந்தத் தண்ணிய ஒங்களுக்குத் தெரியா."

அவன் எழுந்து கடைத்தெருவில் இறங்கி நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி போனான். தோஹாவில் இப்படி இருந்தவன் அல்ல அவன். ஒரு பழுதைக் கண்டுபிடிக்கும்வரை இஞ்சின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவன். நானும் இருப்புக்கொள்ளாமல்தான் இருந்தேன். இரண்டு பேர் நிலையில்லாமல் நடப்பதைப் பார்த்து லத்தீப் பாஸ், "மழைக்கு முந்தின எறும்பு மாதிரி நிக்கிறீங்க. ஒராள் இரிங்க கா" என்று சொல்லிப் பால் சேர்க்காத பிளேன்டீ வரவழைத்தார்.

"அந்தத் தண்ணியை எனக்குக் காட்டு" என்று நிஸ்தாரிடம் சொன்னேன். "பார்த்துவிட்டு முடிவு செய்வோம்."

திங்கட்கிழமை ஆதம்பாவாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரும் நாள். ஆதம்பாவாதான் ஜீப்புக்குச் சொந்தக்காரரான அந்த மச்சான், நிஸ்தாரின் அக்காள் நபீலாவின் கணவர். இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. திங்களும் வியாழனும் கல்முனைக்கு வந்து நான்கு மணி நேரம் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். வீடு வரிப்பத்தான்சேனையில், வயல்களுக்கு நடுவே. போன மாரியில் வெள்ளம் பாதையை மூடியபோது அவர் ஒரு முறை வர முடியாமல் போயிற்று. நான்காம் நாள் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மழைக்குள் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். உடம்பு முழுக்க நீர் ஏறி, மூச்சு வாங்க முடியாமல் உதடு நீலமாகிவிட்டது. இவ்வளவும் போகும் வழியில் நிஸ்தார் சொன்னது. சொல்லும்போது ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

வரிப்பத்தான்சேனைக்குச் சற்று முன்னால் பாதை ஓர் இடத்தில் பள்ளமாக இறங்கி ஏறியது. ஐம்பது அடி நீளம் இருக்கும். இரண்டு பக்கமும் வயல், ஓரத்தில் ஒரு மதகு. அன்று அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாடுகள் நின்றன. மதகின் சுவரில் போன வருட வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நாடாவைப் பிடித்து அளந்தேன். பாதையிலிருந்து இருபத்தாறு அங்குலம்.

"இடுப்பளவு எண்டுதான் எனக்கு ஞாபகம்" என்றான் நிஸ்தார், கோட்டைப் பார்க்காமல்.

வீட்டில் அக்காள் நபீலா ராத்தா வாசலில் கோப்பும் தண்ணீர்ப் போத்தலும் தலையணையுமாகத் தயாராக நின்றார். பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர். குரலில் சுண்ணக்கட்டியின் கண்டிப்பு இருந்தது. எனக்கு ஒரு பெரிய கோப்பையில் தேநீர் வந்தது. ஆதம்பாவாவுக்கு அவர் கணக்குப்படி இரண்டு மிடறு.

ஆதம்பாவா ஐம்பத்தைந்து வயதுக்காரர். ஒரு காலத்தில் நல்ல வாட்டசாட்டமாக இருந்திருக்க வேண்டும், சட்டை மட்டும் அந்த அளவில் இருந்தது. இடது முன்கையில் ஊசி ஏற்றுவதற்காக நரம்பை இணைத்த இடம் கயிறு போலப் புடைத்திருந்தது. அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது, பிடித்துத் தொங்கவும் கூடாது.

அவர் ஜீப்பில் ஏறுவதைப் பார்த்தேன். முன் ஆசனத்துக்கு இடதுபக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டார்கள். வலது காலை ஸ்டூலில் வைத்தார். அடுத்து ஏற ஒரு பிடி வேண்டும். பிடி இருந்தது முன்கண்ணாடிப் பக்கத் தூணில், சரியாக அவருடைய இடது கைக்கு நேராக. கை தானாக அங்கே போனது. பாதியில் நினைவு வந்து இழுத்துக்கொண்டார். நபீலா முதுகில் கைகொடுத்து, நிஸ்தார் உள்ளிருந்து தோளைப் பிடித்து, ஒருவழியாக ஏற்றினார்கள். இதை வாரத்துக்கு இரண்டு முறை செய்கிறார்கள்.

"கொஞ்சம் இறங்க முடியுமா?" என்று கேட்டேன். நிஸ்தாரும் நபீலாவும் என்னை முறைத்தார்கள். ஆதம்பாவா மட்டும் சிரித்தார். "இறங்கிறது லேசு பாஸ்."

மதிலோரம் கிடந்த செங்கற்களை எடுத்து அடுக்கினேன். ஒவ்வொன்றாகக் கூட்டி அவரைக் கால் வைக்கச் சொன்னேன். பதின்மூன்று அங்குலம் வரை கால் தானாக ஏறியது. அதற்கு மேல் ஒரு கல் கூடினாலும் இடது கை எதையாவது தேடியது. ஜீப்பின் வாசல்படி இப்போது இருபத்தோரு அங்குலம். நிஸ்தார் கேட்ட உயரத்துக்கு ஏற்றினால் இருபத்தேழு.

நபீலா ராத்தா கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டுவிட்டார். தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "இவரு எப்பிடி ஏறுவாரு எண்டு யோசிச்சயா நீ?"

நிஸ்தார் ஜீப்பைச் சுற்றிப் போய் டயரை உதைத்தான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்தபோது நிஸ்தார் ஒரு இடத்தில் நிற்கவில்லை. தேநீர் வாங்கப் போனான், பார்மசிக்குப் போனான், வண்டியைப் பார்க்கப் போனான். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பெண்கள் ஒரு கல்யாணப் பேச்சை நடத்திக்கொண்டிருந்தார்கள். "மாப்புள நல்லவருதான், ஆனா வாயத் தொறந்தா கிரிக்கட்தான்" என்று ஒருத்தி சொன்னது எனக்கும் கேட்டது. ஆதம்பாவா அதைக் கேட்டு மெல்லச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பாஸ், ஒண்டு சொல்றன், அவனுக்குத் தெரிய வேணாம். வெள்ளம் வந்த அண்டைக்கு ஜீப் நிக்கல்ல. இஞ்சின் நிக்கல்ல. நாங்க பாதித் தூரம் இறங்கிட்டம். தண்ணி பக்கத்தால அடிச்சிச்சி. இவன்ட கை நடுங்கிச்சி. ஸ்டியரிங்கப் புடிக்க ஏலாத நடுக்கம். புறகால எடுத்து, வந்த வழிக்கே கிறுக்கிட்டான். நான் அவனக் குத்தம் சொல்லல்ல. கிறுக்கினது சரி. ஆனா அவன் இண்டைக்கும் ஜீப் குட்டை, ஜீப் குட்டை எண்டுதான் சொல்லிக்கிட்டுத் திரியிறான்."

தாதி அவர் பெயரைக் கூப்பிட்டார். அவர் எழுந்து போனார்.

அந்த நான்கு மணி நேரத்தில் நானும் நிஸ்தாரும் கல்முனைக் கடற்கரைக்குப் போனோம். தோணிகள் கரையில் ஏறி இருந்தன. கடல் சாம்பல் நிறத்தில், ஓயாமல் புரண்டுகொண்டிருந்தது. உட்காரலாம் என்றேன். உட்கார்ந்ததும் என் பொய்யைச் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு எஸ்டேட் இளைஞன் ஜீப்பைக் கொண்டுவந்து ஐந்து அங்குலம் உயர்த்தச் சொன்னான். வேண்டாம் என்றேன். கெஞ்சினான். செய்துகொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. நானே படம் எடுத்துக் கடையில் மாட்டினேன். இரண்டாவது வாரம் ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கும்போது வண்டி பக்கவாட்டில் உருண்டது. அவன் உயிர் தப்பினான். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை, வேகமாக ஓட்டியது நான்தான் என்றான். நான் படத்தைக் கழற்றினேன். அதன்பிறகு பட்டை மாற்றுகிறேன், பழுது பார்க்கிறேன். உயர்த்துவதில்லை.

"நீ கூப்பிட்டபோது முடியாது என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாய். சொல்ல வாய் வரவில்லை. வந்து பேசிக்கொள்ளலாம் என்று சின்ன ஷாக்கை வாங்கினேன். அதுதான் நடந்தது."

அவன் மணலைக் கையால் அள்ளி அள்ளி விட்டான்.

"அண்ணன், ஜீப் குட்டை இல்ல."

"ம்."

"என்ட கைதான். ராத்தா பின்னால இரிந்து அல்லாட காவல், அல்லாட காவல் எண்டு சொல்லிக்கிட்டு இரிந்தா. தண்ணி கதவுல தட்டிச்சி. எனக்கு முன்னால பாத தெரியல்ல. ஏலாமப் போச்சி. வண்டிய இன்னம் ஒசரமா வச்சா பயம் வராதெண்டு நெனச்சன்."

"எனக்கு ஒசரமா வைத்தால்தான் பயம் வருகிறது" என்றேன். அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. இருவரும் எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.

செவ்வாயும் புதனும் வேலை. மூன்று அங்குலம் என்று இருவரும் பேசாமலே முடிவாகியிருந்தது. லத்தீப் பாஸின் ஆட்கள் பழைய பட்டைகளைக் கழற்றி அடுக்கினார்கள். இரண்டு தகடுகளில் வெடிப்பு. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பழைய லொறியின் நல்ல தகடுகளை அளவுக்கு வெட்டி, கட்டுக்கு ஒன்றாகச் சேர்த்தோம். வளைவிழந்தவற்றைப் பட்டறையில் கொடுத்து, சூடேற்றி வளைத்து, எண்ணெயில் முக்கித் திரும்ப உரமேற்றி வாங்கினோம். லத்தீப் பாஸ் முன்பக்க அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தால் வேலை சுருக்கமாக முடியும் என்றார். முன்பக்கம் கட்டை வைத்தால் பிரேக் பிடிக்கும்போது அது நழுவும், கூடாது என்றேன். அவர் ஒரு கணம் யோசித்து, "நான் ரெண்டு வண்டிக்கு வச்சிருக்கன். நாளைக்கே கூப்பிட்டுக் கழட்டுறன்" என்றார். இப்படி உடனே ஒப்புக்கொள்ளும் மெக்கானிக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிரேக் ஹோஸ் நீளமானதாக மாற்றினோம். பின் அச்சின் கோணத்துக்கு ஆப்புத் தகடு கடைந்து வைத்தோம். நிஸ்தாருக்கு ஒரு விஷயம் காட்டினேன். அச்சுக்குள் சூடான காற்று வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும். சூட்டோடு தண்ணீரில் இறங்கினால் அச்சு குளிர்ந்து, அந்தத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். துளைக்கு ரப்பர்க் குழாய் மாட்டி இஞ்சின் மேல்வரை கொண்டுபோனோம். "வெள்ளத்துக்கு உயரத்தைவிட இது முக்கியம்" என்றேன்.

கடைசியாகப் படி. பன்னிரண்டு அங்குல உயரத்தில், மடித்து மேலே மாட்டிக்கொள்ளும்படி. பிடியை முன்தூணில் இல்லாமல் ஆசனத்துக்குப் பின்தூணில், வலது கைக்கு வரும்படி போல்ட் போட்டு இறுக்கினேன். அதில் நான்கு முறை நானே தொங்கிப் பார்த்தேன். நான்காவது முறை லத்தீப் பாஸின் ஆட்கள் கைதட்டினார்கள்.

புதன் மாலை ஜீப் தன் காலில் நின்றது. நிமிர்ந்து, ஆனால் ஆடம்பரம் இல்லாமல். நிஸ்தார் காரைதீவு வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். திருப்பங்களில் வேண்டுமென்றே அழுத்தினான். நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டேன். சாயவில்லை. அன்று இரவு நிஸ்தார் வீட்டுப் புரியாணியை முதல்முறையாக ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

வியாழன் விடியும்போது மழை பெய்துகொண்டிருந்தது. பருவம் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கிறது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வானம் அதைக் கேட்கவில்லை போலும். வரிப்பத்தான்சேனைக்குப் போகும்போது பள்ளத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆதம்பாவாவைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பியபோது மதகு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வயல்கள் நிறைந்து, பழுப்புத் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்தது.

முன்னதாக, வீட்டில் ஆதம்பாவா படியில் கால் வைத்து, வலது கையால் பிடியைப் பற்றி, தானே ஏறி உட்கார்ந்தார். நபீலா ராத்தா முதுகுக்குக் கொண்டுபோன கை அந்தரத்தில் நின்றது. அவர் அந்தக் கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஏறினார்.

நிஸ்தார் பள்ளத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்தினான். அவன் கைகளைப் பார்த்தேன். நடுங்கின. ஆதம்பாவாவும் பார்த்தார்.

நிஸ்தார் இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தடியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் தடியை முன்னால் குத்தினான். நடுவில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. இழுப்பு இருந்தது, ஆனால் நின்று தாங்கும் இழுப்பு. மறுகரை வரை போனான். திரும்பி வந்தான். தடியைப் பாதையோரம் வைத்துவிட்டு ஏறினான்.

"முழங்காலுக்கு வரல்ல. பாத இரிக்கி, எங்கயும் அரிக்கல்ல" என்றான். "மச்சான், போகலாம் எண்டு நினைக்கிறன். முழங்காலத் தாண்டி இருந்தா கிறுக்கி இருப்பன்."

"நீ சொன்னாச் சரி" என்றார் ஆதம்பாவா.

நான்கு சக்கரமும் இழுக்கும்படி போட்டு, சின்ன கியரில் இறக்கினான். தண்ணீர் முன்னால் அலையாக விரிந்தது. அடியில் பட்டைகள் முனகியபடி வளைந்து கொடுத்தன. பக்கத்திலிருந்து வந்த இழுப்பு வண்டியை ஒரு முறை மெல்ல அசைத்துப் பார்த்தது. அந்தக் கணத்தில் கொண்டை ஊசி வளைவு என் கண்முன் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நிஸ்தார் காலை எடுக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுங்கும் கையாலேயே நேராக ஓட்டினான். பின்னாலிருந்து "அல்லாட காவல்" என்ற குரல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரமும் ஏறியது.

மேட்டில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, பாதையோரத்தில் குனிந்து வாந்தி எடுத்தான். நபீலா ராத்தா மழையில் இறங்கித் தம்பியின் முதுகைத் தடவினார். ஆதம்பாவா கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று பின்னேரம் எனக்குக் கொழும்புக்குப் பேருந்து. நான்கு மணி நேரச் சிகிச்சை முடிந்து ஆதம்பாவா வெளியே வந்தபோது முகம் வெளிறி, ஆனால் மூச்சு லேசாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே ஜீப்புக்குள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். மழை கூரையில் அடித்தது. நிஸ்தார் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வாங்கி வந்திருந்தான். மச்சானுக்கு முன்னால் தின்னக் கூச்சப்பட்டு அதை மடியிலேயே வைத்திருந்தான்.

"தின்னு கா" என்றார் ஆதம்பாவா. "நான் ஒண்டு முடிவெடுத்திட்டன். இனி வெள்ளம் வந்தா நான் இந்தப் பாதையால வாறல்ல."

நிஸ்தார் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஏன் மச்சான், நல்லாத்தானே வந்தம்? வண்டி அசையல்லயே?"

"வண்டி அசையல்ல. ஒன்ட கையப் பாத்துக்கிட்டு எனக்கு இரிக்க ஏலா. மழ இறங்கப் போகுதெண்டா அதுக்கு முந்தியே வந்து ஒன்ட ஊட்டுல கிடக்கிறன். மாரி முடியிற வரைக்கும்."

நபீலா ராத்தா கண்ணை அகல விரித்தார். இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடமாக அவர் தோற்றிருக்கிறார் என்று எனக்கு அந்தப் பார்வையிலேயே புரிந்தது.

"அப்ப வெள்ளாம?" என்றான் நிஸ்தார். "பெரும்போகத்துல வயல் வட்டைய உட்டுட்டு வர ஏலாதெண்டுதானே சொல்லிக்கிட்டு இரிந்தீங்க? வட்டைய ஆர் பாக்குற?"

"நீ பாரு. தண்ணிக்குள்ள இறங்கி அளந்து வரத் தெரிஞ்ச ஆளு நீ. வயலுக்குப் போகவும் வரவும் ஜீப் இரிக்கி." அவர் என் பக்கம் தலையைச் சாய்த்தார். "பாஸ் எனக்காக உசத்தினாரு. அது ஒனக்குத்தான் தேவைப்பட்டிரிக்கி."

நிஸ்தார் மடியிலிருந்த பாணைப் பிரித்து ஒரு துண்டை எனக்குக் கொடுத்தான், ஒரு துண்டை ராத்தாவுக்குக் கொடுத்தான். தானும் தின்னத் தொடங்கினான். பிறகு கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"மச்சான், வரம்புக்குப் பக்கத்துல இரிக்கிற அந்த மேல்வயலுக்கு இப்ப எத்தின மூட வெத நெல்லு வேணும்?"

ஆதம்பாவா சொல்லத் தொடங்கினார்.